மூன்றாம் மாடி, ஐந்நூற்றைம்பது

மெத்தைக்காரர் ஒரு காலத்தில் தன் மச்சானுக்கு மூவாயிரம் கடன்பட்டிருந்தார். தையல் மிஷின் வாங்கிய கடன். எந்த வீட்டு விசேஷத்தில் பார்த்தாலும் நாலு பேர் காதில் விழும்படி, "என்ன மாப்ள, மிஷின் ஓடுதா?" என்பார் மச்சான். பதினெட்டே மாதத்தில் அதை வட்டியோடு அடைத்துவிட்டு, "ஓடுது மச்சான், இப்ப என் பேர்ல ஓடுது" என்று சொல்லிவிட்டு வந்தவர் இவர். மெத்தையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். மிஷினை மிதித்து உறை தைத்தது மனைவி. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பேரம் பேசியது இவர்தான். பேரத்தில்தான் கடன் அடைந்தது என்பது இவர் கட்சி.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் பட்டம் வாங்கியவன் பேனாவைத் தேடுவதற்குள் இவர் விடையைச் சொல்லிவிடுவார். அறுபத்தேழு வயதில் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் போடும் பட்டறைக்கு முதலாளி. நாலு ஊர் ஹோட்டல்களுக்கு இவர் மெத்தைதான் போகிறது. அதனால் ஹோட்டல் நட்சத்திரங்களைப் பற்றி இவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. இரண்டு நட்சத்திரத்துக்கும் ஒரே நார், ஒரே ஃபோம். நாலு நட்சத்திரத்துக்கும் அதே நார், அதே ஃபோம். முன்னதற்குக் கோடு போட்ட துணி, பின்னதற்குப் பூ நெய்த வெள்ளைத் துணி. அவ்வளவுதான் வித்தியாசம்.

"நட்சத்திரம் எல்லாம் உறையிலதான் இருக்கு. கண்ணை மூடுனா எல்லாம் நம்ம நார்தான்" என்பார்.

வெளியூர் போனால் இவர் அறை எடுக்கும் விதமே தனி. வாடகையைக் கேட்பதற்கு முன் அறைக்குப் போய் மெத்தையின் நடுவில் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். கை எடுத்ததும் மெத்தை எழுந்தால் அறை நல்ல அறை. பிறகு பேரம். படியாவிட்டால் வாசலை நோக்கி மெதுவாக நடப்பார். கூப்பிடுவார்கள். நாற்பது வருஷத்தில் கூப்பிடாதவன் கிடையாது.

மனைவிக்கு நுரையீரலில் கட்டி என்று சொன்னபோது பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. டாக்டர் கதிர்வீச்சுச் சிகிச்சை எழுதினார். ஐந்து வாரம், ஞாயிறு நீங்கலாகத் தினமும்.

"ஒரு நாள்கூட விடக் கூடாது. நடுவுல விட்டா, குடுத்ததும் வீணாப் போயிடும். புரியுதா?"

"நம்மகிட்ட ஒரு நாள் தவறுன ஆர்டரே கிடையாது டாக்டர்" என்றார் மெத்தைக்காரர்.

அன்றே மகள் போனில் கூப்பிட்டாள். "அப்பா, ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே மூணு நட்சத்திர ஹோட்டல் இருக்கு. லிஃப்ட் இருக்கு. அதையே போட்டுடுங்க."

"எவ்வளவாம்?"

"ரெண்டாயிரத்து எண்ணூறு."

"ஒரு நட்சத்திரம் தொள்ளாயிரத்துச் சொச்சம். வானத்துலயே சும்மாதானே கெடக்கு."

"விளையாடாதீங்கப்பா. அம்மாவுக்காகச் சொல்றேன்."

"உங்கம்மா என்ன நட்சத்திரத்து மேலயா படுக்கப் போறா? மெத்தை மேலதானே!"

ஹோட்டலுக்குப் பின் தெருவில் ஒரு லாட்ஜ். பெயர்ப் பலகையில் பாதி விளக்கு எரியாது. இடுப்பில் சாவிகளைத் தொங்கவிட்டிருந்த அதன் மேனேஜரை எல்லோரும் சாவிக்கொத்து என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்றாம் மாடி அறையில் மெத்தைக்காரர் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். மெத்தை எழுந்தது. எழுநூறு என்ற வாடகையை, முப்பத்தைந்து நாளுக்கும் முன்பணம் என்று சொல்லி, ஐந்நூற்றைம்பதுக்குக் கொண்டுவந்தார். மொத்தம் பத்தொன்பதாயிரத்து இருநூற்றைம்பது. ஹோட்டலுக்குத் தொண்ணூற்றெட்டாயிரம் ஆகியிருக்கும். எழுபத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பது மிச்சம்.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம்.

அவள் அப்போதுதான் மேலே வந்து சேர்ந்திருந்தாள். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வருவதற்காகக் காத்து நின்றாள். "நல்லா இருக்குங்க" என்றாள்.

ஐம்பத்தெட்டுப் படி. முதல் வாரம் இரண்டு இடத்தில் நின்று ஏறினாள். இரண்டாம் வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து ஏறினாள். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் வழிவிட்டுச் சுவரோடு ஒண்டிக்கொள்வாள். கீழே ஓர் அறை காலியாகுமா என்று மெத்தைக்காரர் கேட்டுப் பார்த்தார்.

"கீழ எல்லாம் சரக்கு அறைங்க பெரியவரே" என்றார் சாவிக்கொத்து. "மேல இருக்கறதாலதான் அந்த ரேட்டு. நீங்க விவரமான ஆளுன்னுல்ல நெனச்சேன்."

மூன்றாம் வாரம் புதன்கிழமை அவள் கட்டிலை விட்டு எழவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் வேண்டாங்க."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"எறங்கிடுவேன். எறங்கினா ஏறணுமே."

இவர் கத்தினார், கெஞ்சினார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைய சிகிச்சை போயிற்று. மறுநாளும் போயிற்று. வெள்ளிக்கிழமை இவர் வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போனார். திரும்பும்போது முதல் படியிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். மெத்தைக்காரர் குனிந்து, "ஏறிக்க" என்று முதுகைக் காட்டினார்.

"ஐயோ, நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இரட்டை மெத்தை தூக்கின முதுகு இது."

இரண்டாம் திருப்பத்தில் இவருக்கே மூச்சு முட்டியது. அவள் காதோரமாக, "மெத்தையை விட கனமாங்க?" என்றாள்.

"லேசு" என்றார். உண்மை அதுதான். ஒற்றை மெத்தையின் கனம்கூட இல்லை. எழுபத்தெட்டாயிரம் மிச்சம் என்ற எண்ணம் அந்த இடத்தில்தான் முதல்முறையாக இவருக்குக் கசந்தது.

அவளைப் படுக்கவைத்துவிட்டு நேராக அந்த மூன்று நட்சத்திர ஹோட்டலுக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "ஒரே ஒரு ரூம் இருக்கு சார். ரெண்டாயிரத்து எண்ணூறு" என்றாள். லிஃப்ட் கதவு பக்கத்திலேயே திறந்து மூடியது. கொடுத்திருக்கலாம். பையில் பணம் இருந்தது. ஆனால் வாய் தன் பாட்டுக்கு, "ரெண்டு வாரம் தங்குவோம்மா, ரெண்டாயிரம் போடு" என்றது.

"இங்க ஒரே விலைதான் சார்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வாசலை நோக்கி மெதுவாக நடந்தார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. படியில் நின்றார். செருப்பைச் சரிசெய்தார். யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் வேறு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். தானாகத் திரும்பி உள்ளே போவது எப்படி என்று இவருக்குத் தெரியாது. நாற்பது வருஷத்தில் போனதில்லை.

மறுநாள் காலையில் எண்ணூறையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடினார். ஏதோ மாநாடாம். பத்து நாளைக்கு அறை இல்லை.

திங்கட்கிழமை அவளை நாற்காலியில் வைத்து நாலு பேர் கீழே இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் சிகிச்சை அறைக்கு அனுப்பவில்லை, வார்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் முடிந்துவிட்டது.

"நடுவுல விட்டதாலயா டாக்டர்? படி ஏறுனதாலயா?"

"அப்படின்னும் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது."

எதற்கும் ஒரு விடை உண்டு என்று வாழ்ந்த மனிதருக்கு இந்தக் கணக்கை மட்டும் எந்தப் பக்கமிருந்து போட்டாலும் விடை வரவில்லை.

மகள் வந்து சேர்ந்தாள். ஊருக்குக் கொண்டுபோகும் வண்டியை லாட்ஜ் வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு, மெத்தைக்காரர் மேலே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார். அவளுடைய சீப்பு, மாத்திரை, ஒரு சேலை. சாவியை மேசையில் வைத்தார்.

"அவளை எறக்கின திங்கட்கிழமையோட இருபத்து மூணு நாள்தான் ஆச்சு. அப்புறம் நாங்க இங்க தங்கல. பன்னெண்டு நாள் பாக்கி இருக்கு."

சாவிக்கொத்து தலையைச் சொறிந்தார். "முன்பணம் திரும்பக் கெடையாதுன்னு எழுதியே போட்டிருக்குங்க பெரியவரே."

"தங்காத நாளுக்கு எதுக்குக் காசு? வெளக்கு எரிஞ்சுதா? தண்ணி போச்சா?"

"அப்பா, விடுங்கப்பா" என்றாள் மகள். "அம்மா வண்டியில இருக்காங்க."

"நீ சும்மா இரு. பாதி, முக்கால் எல்லாம் பேசக் கூடாது. ஆறாயிரத்து அறுநூறு வரணும்."

"நாலாயிரம் தரேன், வாங்கிட்டுப் போங்க."

"ஆறாயிரத்து அறுநூறு."

"அய்யா, வெளியில அம்மா இருக்காங்கன்னு சொல்றாங்களே..."

"அவ இருப்பா. அவளுக்கு அவசரம் இல்ல."

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. வண்டிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். மகள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அதைப் பார்த்தோ என்னவோ, சாவிக்கொத்து இழுப்பறையைத் திறந்தார்.

மெத்தைக்காரர் உள்ளங்கையை விரித்து நீட்டினார். ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று சாவிக்கொத்து ஒவ்வொரு தாளாக அதில் வைத்துக்கொண்டே போய், கடைசி நூறையும் வைத்து, ஆறாயிரத்து அறுநூறு என்றார்.