சவுக்குத் தோப்பில் ஒளித்து வைத்த அப்பா

எங்களைப் பற்றி எங்களைத் தவிர எல்லோரும் பேசினார்கள். திருப்போரூர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் காலையில் பேப்பர் வந்து விழுந்ததும் ஆரம்பிக்கும். சிலோனிலிருந்து எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், இன்னும் எத்தனை பேர் வரப்போகிறார்கள், அரசாங்கம் அவர்களுக்கு எவ்வளவு அள்ளிக் கொடுக்கிறது. திங்கட்கிழமை ஆயிரத்தில் இருக்கும் எண்ணிக்கை வெள்ளிக்கிழமைக்குள் லட்சத்தைத் தொட்டுவிடும். பேசியவர்களில் ஒருவராவது எங்கள் காலனிக்குள் கால் வைத்ததில்லை. அங்கிருந்து பொடிநடையாக வரக்கூடிய தூரம்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்தொன்பது வயது. கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான், அப்பாவும் அங்கேதான் பிறந்தார். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்டன. நாங்கள் இந்தியாவின் பங்கில் விழுந்தோம். மாமல்லபுரம் சாலையில், ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டிய புறம்போக்கில் குடிசைகள் போட்டுக் கொடுத்தார்கள். அப்பா பேரில் ஒரு குடும்ப அட்டை. அதைக் காட்டினால் தலைக்கு இவ்வளவு என்று அரிசி. பிறகு வீட்டுமனை தருவதாகவும் சொல்லியிருந்தார்கள்.

"சும்மா குந்திகினு துன்றானுங்கபா. நம்ம வரிப்பணம்" என்பார் பேப்பர் படிக்கிறவர். அரிசி மில்லில் கணக்கெழுதுபவர். ஊருக்கே கேட்கும்படி படிப்பார். அதே நேரத்தில், அவருக்குப் பத்தடி தள்ளி, நானும் அம்மாவும் புதுப்பட்டினம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்போம். அங்கே குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள், எங்களுக்குச் சித்தாள் வேலை. கையில் தூக்குவாளி, இடுப்பில் சும்மாட்டுத் துணி. சும்மா குந்தித் தின்கிறவர்கள் விடிந்ததும் எங்கே கிளம்புகிறார்கள் என்று பேப்பரை இறக்கிப் பார்க்க அந்த மனிதருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

பேச்சு முற்றி மனுவானது. சிலோன்காரர்கள் அட்டையில் பொய்ப் பேர் ஏற்றியிருக்கிறார்கள், வராத ஆளுக்கெல்லாம் அரிசி போகிறது என்று யாரோ எழுதிப் போட்டார்கள். தாலுகா ஆபீசிலிருந்து தலை எண்ண வருவதாகத் தகவல் வந்தது.

இங்கேதான் நாங்கள் புத்தி கெட்டுப் போனோம். தோட்டத்தில் தினமும் விடியற்காலையில் தலை எண்ணுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். திடமான ஆள் மட்டும்தான் அங்கே நிற்க வேண்டும். இருமிக்கொண்டு நின்றால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவான். நாலு நாள் அப்படி நடந்தால் பேரை வெட்டிவிடுவார்கள், பேர் போனால் குடியிருக்கும் அறையும் போகும். அதனால் எண்ண வருகிறார்கள் என்றாலே சீக்காளியை ஒளித்து வைப்பது எங்களுக்குப் பழக்கம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவுக்கு அப்போது ஆறு மாதமாக விடாத இருமல். அம்மா ஒரு கம்பளியையும் சொம்புத் தண்ணீரையும் கொடுத்து அவரைச் சவுக்குத் தோப்புக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு வந்தாள்.

காலை ஆறு மணிக்கே காலனி முழுக்க வரிசையில் நின்றோம். ஆபீசர் பதினொன்றரைக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். அன்றைக்கு எல்லோருக்கும் கூலி போனது. எங்கள் முறை வந்தபோது, "குடும்பத் தலைவர் எங்கே?" என்றார்.

"வேலைக்குப் போயிருக்காருங்க" என்றேன். நிமிர்ந்து நின்று, பெருமையாகவே சொன்னேன். நாங்கள் சோம்பேறிகள் இல்லை என்று அவருக்குத் தெரியட்டும் என்று.

"எங்கே வேலை?"

"வெளியூர்லங்க."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து ரேஷன் கடையில் அட்டையைத் திருப்பித் தந்தார்கள். அப்பாவின் பேர் மேல் சிவப்பு மையில் கோடு. தலைவர் ஊரில் இல்லை, விசாரணை முடியும்வரை அரிசி இல்லை, மனையும் இல்லை. என் வாயைக் கொள்ளிக்கட்டையால் சுட வேண்டும் போலிருந்தது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். மூன்றாம் முறைதான் அந்த ஆபீசரைப் பார்க்க முடிந்தது. "இவர்தாங்க எங்கப்பா" என்று நிறுத்தினேன்.

"அன்னைக்கு எங்கய்யா போனே?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "தோப்புல ஒளிஞ்சிருந்தேங்க சாமி."

ஆபீசர் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். "எண்ண வந்தா ஒளியறவனுக்கு அட்டை எதுக்கு? மனு எழுதிப் பொட்டியில போட்டுட்டுப் போ." போட்டோம். அந்தப் பெட்டியை அதற்குப் பிறகு யாராவது திறந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் திருப்போரூரில் இறங்கியபோது அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். மில்காரர் மாலைப் பேப்பரோடு அங்கே இருந்தார். பேப்பரில் வந்ததோ, அவரே சேர்த்துக்கொண்டதோ, எங்கள் காலனியில் பொய்ப் பேர்களை எல்லாம் வெட்டிவிட்டதாக உரக்கச் சொன்னார். "பாத்தியா? நாம கத்துனதுக்குப் பலன் கீதுபா!" கடையே தலையாட்டியது.

அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, பெரட்டில் நிற்பது போல நேராக நின்றார்.

"அந்தப் பொய்ப் பேர்ல ஒண்ணு நாந்தாங்க ஐயா" என்றார்.

மில்காரர் முதல் தடவையாகப் பேப்பரை இறக்கி அவரைப் பார்த்தார்.

"ஒன்ன யாருபா சொன்னது? ஒன்னப் பாத்தாலே தெரியலியா நல்ல ஆளுன்னு? நான் மத்தவனுங்களச் சொல்றேன். குந்து அண்ணாத்த, குந்து. இந்தாப்பா, இவருக்கு ஒரு டீ போடு." சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

எந்த மத்தவனுங்க? எங்கள் அடுத்த குடிசைக்காரியா? அவள் அம்மாவா? அந்த டீயை அவர் மூஞ்சியில் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை. ஐம்பது வருஷமாக அது என் கையில் ஆறாமல் இருக்கிறது.

அப்பா டீயைக் குடித்தார். காலனிக்கு நடக்கும்போது பாதியில் நின்று, இருமல் அடங்கியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

"கேட்டியா புள்ள?" என்றார். "அவரு நம்மளச் சொல்லலையாம்."