பச்சைச் சாயம் பூசிய குஞ்சு

என் மனைவி கோழி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வரை எங்கள் வீட்டில் ஒரு கிளிகூடக் கிடையாது. வீட்டில் எந்தப் பறவையும் வளர்ப்பதில்லை என்று வேலையில் சேரும்போதே எழுதிக் கொடுத்திருந்தாள். அங்கே போனதும் தலைக்குக் குளித்து, அவர்கள் தரும் உடையை உடுத்திய பிறகுதான் குஞ்சுகள் இருக்கும் அறைக்குள் நுழையலாம். வீட்டிலிருந்து அவளோடு உள்ளே போகும் ஒரே பொருள் மூக்குக் கண்ணாடி.

தொண்ணூறுகளின் கடைசி. மராட்டி பேசும் ஊரான கோர்படியில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். எனக்குச் செய்தித்தாளில் இரவுப் பணி என்பதால் எட்டு வயது மகள் பகலில் என் பொறுப்பு.

பொரிந்து சில நாளே ஆன குஞ்சின் குடலில் கிருமி புகுந்தால், ஒருவகை வெள்ளணுக்கள் சில மணி நேரத்தில் அங்கே வந்து குவியும். "வந்துருதுங்க. கொல்லத்தான் தெரியாது. அதுக்கு ஒரு வாரம் ஆகணும்" என்பாள், சப்பாத்தி தேய்த்துக்கொண்டே. அந்த அணுக்களை முன்கூட்டியே கொல்லத் தயார்படுத்த முடியுமா என்பதுதான் அவளுடைய மூன்று வருட வேலை. கடைசிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு கூண்டுக் குஞ்சுகளுக்கு மட்டும் கிருமி கொடுக்கவில்லை.

ஒரு மதியம் ரயில்வே கேட் மூடியிருந்ததால் மகளும் நானும் காத்திருந்தபோது, கூடை நிறையச் சாயம் பூசிய கோழிக் குஞ்சுகளை விற்கும் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்பா, அந்த ஹரா பில்லு! அந்தப் பச்சைக் குஞ்சு! ஒண்ணே ஒண்ணுப்பா!"

"அம்மா நம்ம ரெண்டு பேரையும் கூண்டுல போட்டுருவா."

"சொன்னாத்தானே?"

விதி எனக்குத் தெரியும். சாயக் குஞ்சு இரண்டு நாளில் செத்துவிடும், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்து வாங்கினேன். செருப்புப் பெட்டியில் போட்டு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தோம்.

அது சாகவில்லை. மூன்றாம் நாள் எச்சம் காய்ந்து அதன் பின்புறத்தை அடைத்திருந்தது. மகள் வாஷ்பேசின் ஓரம் கிடந்த மஞ்சள் துணியை நனைத்துத் துடைத்துவிட்டாள். அலசிப் பிழிந்து எடுத்த இடத்திலேயே போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா கண்ணாடி துடைக்கும் துணி அது என்று எனக்கு உறைக்கவில்லை. பிறர் எழுதியதில் பிழை பார்ப்பது என் தொழில்.

அடுத்த வாரம் ஒரு நாள் மனைவி மதியமே வந்து, செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"கிருமி குடுக்காத கூண்டுலயும் வந்திருக்குங்க. ஸ்லைட்ல குடல் முழுக்க அந்த அணுதான். எங்கேருந்து வந்துச்சுன்னே புரியல."

கண்ணாடியைக் கழற்றி, மஞ்சள் துணியை எடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, "அது உயிரோட இருக்கா?" என்றாள்.

"இருக்கு. நல்லா ஓடுது."

அதன் எச்சத்தைச் சோதித்தாள். அதே கிருமி. துணி வழியாகத்தான் போனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அவளே போய் மேலதிகாரியிடம் சொன்னாள். எல்லாக் கூண்டுக் குஞ்சுகளையும் அழித்தார்கள். சோதனையை மறுபடி நடத்த அனுமதி கிடைக்கவில்லை. அவளைக் கோப்பு வேலைக்கு மாற்றினார்கள்.

குஞ்சின் எச்சச் சோதனை முடிவு வந்த அன்று, மகள் பள்ளியில் இருந்த நேரம், மனைவி மாடிக்குப் போனாள். குஞ்சைக் கையில் எடுத்தாள். சாயம் உதிர்ந்து சிறகடியில் வெள்ளை முளைத்திருந்தது.

"இது கிருமியை ஜெயிச்சிருச்சுங்க" என்றாள். "ஆனா எச்சத்துல இன்னும் கிருமி போயிட்டே இருக்கும். புள்ளை தொடறா."

கழுத்தைத் திருப்ப அவளுக்கு ஒரு நொடி போதும். அதன் பிறகு தொட்டிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். கீழே வரும்போது, "துணி விஷயம் அவளுக்குத் தெரியவே கூடாது" என்றாள்.

சாயங்காலம் மகள் பெட்டியைத் தேடினாள். "பில்லு எங்கே?"

"நான்தான் கொன்னேன். அதுக்கு நோய்" என்றாள் மனைவி.

"நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு! அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா!"

வாங்கிக் கொடுத்தது என் தப்பு என்றாவது நான் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை மகள் சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு அம்மாவைத் தாண்டி என்னிடம் வந்து திரும்பி உட்கார்ந்தாள். எனக்குப் பின்னத் தெரியாது. வகிடு கோணலாகவே வந்தது. மனைவி எதிரே நின்று, கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் முழுக்க நான்தான் பின்னிவிட்டேன்.