நண்டு நெபுலாவுக்கு வேண்டிக்கொண்ட தேங்காய்

மண்ணூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், துணிக்கொடிக்குக் கீழேதான் என் வானாராய்ச்சி மையம். ஒரு டெலஸ்கோப், ஒரு பழைய கேமரா, கொசுவத்தி. இலக்கு நண்டு நெபுலா. என்றோ வெடித்துச் செத்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். ஆனால் கிழக்கே இருக்கும் கார் வயர் கம்பெனியின் விளக்குகள் வானத்தையே வெளுத்துவிடும். நான் எடுத்த படங்களில் எல்லாம் சாம்பார்க் கறை போல ஏதோ தெரிந்தது. சாம்பாராகவே இருக்கலாம், என் கை அப்படி.

அந்தக் கம்பெனியில்தான் என் மனைவிக்கு வேலை, இரண்டாம் ஷிஃப்ட். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். பக்கத்துக் கம்பெனியில் நான் சம்பாதிப்பதை டெலஸ்கோப் தின்றுவிட்டது.

எனக்கு லீவான ஒரு நாளில் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டபோது, கம்பெனி கேட் ஓரத்துப் பிள்ளையாரிடம் அவள் காதுபடவே வேண்டினேன்.

"ஒரே ஒரு நாள் இந்த லைட்டெல்லாம் அணைச்சு வை சாமி. தேங்கா ஒடைக்கிறேன்."

"உங்க மண்டைய நான் ஒடைக்கிறேன்" என்றாள்.

பொங்கல் முடிந்த வாரம், இருட்டிய சற்று நேரத்தில், அந்தக் கம்பெனியின் மொத்த விளக்கும் அணைந்தது. பவர்கட் என்று நினைத்தேன். ஆனால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எப்போதும் காதுக்குள் கிடக்கும் அந்த மெஷின் உறுமலும் இல்லை. நாய்கள்கூடக் குரைக்கவில்லை. நானோ குஷியாகக் கேமராவை ஓடவிட்டேன். படத்துக்கு மேல் படம் சேரச் சேர, திரையில் நண்டு சிவப்பு நரம்புகளோடு எழுந்து வந்தது.

முன்கதவு திறந்தது. ஷிஃப்ட் முடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

"லைட்டப் போடாத" என்றேன். அப்படிப்பட்ட கணவன் நான்.

அவள் போடவில்லை. திறக்காத டிபன் டப்பாவோடு கொடிக்குக் கீழே வந்து நின்றாள்.

"லைன நிறுத்திட்டாங்க. ஆர்டர் இல்லியாம். நாங்களே போன் பண்றோம், அதுவரைக்கும் வராதீங்கன்ட்டாரு சூப்பர்வைசர்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான்." திரையைப் பார்த்தாள். "இதுவா அது?"

"ம்."

"நல்லாத்தான் கீது." டப்பாவைக் கீழே வைத்தாள். "தேங்காய ஒடைச்சிடாதீங்க. ஒரு நாள்னுதான கேட்டீங்க. லைட்டு திரும்பி வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

தேங்காய் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. சட்னிக்குக்கூட அவள் தொடவில்லை. அந்தி சாய்ந்ததும் இருவரும் கிழக்கே பார்த்து நிற்கிறோம், போன் அவள் கையில். வானம் இப்போது அருமையாக இருக்கிறது.

நேற்று நான் வேலை பார்க்கும் பக்கத்துக் கம்பெனியிலும் பாதி விளக்குதான் எரிந்தது. சத்தியமாக, அதற்கு நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.