கச்சான் காற்றும் ஒரு சின்ன வீடும்

ஆலைப் புகை எங்கே படியுமென்று அறிய, கற்பிட்டிக் கரையிலுள்ள எங்கள் ஊரையே மேசையளவில் செய்து, பல்கலைக்கழகத்தில் விசிறியால் காற்றடித்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்துக்குள் வைத்திருந்தார் ஒரு பொறியியலாளர். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மலைநாட்டுக்காரர். எதைக் கேட்டாலும் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

"புகை எப்போது கூடுதலாக வரும்?"

"கச்சானுக்குத்தான் சேர்."

கவனமாக எழுதினார். எட்டிப் பார்த்தேன்: 'நிலக்கடலை அறுவடைக் காலம்.'

"தின்னுற கச்சானில்ல சேர்! கடல் பக்கத்தால அடிக்கிற காத்து."

சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். ஊரைத் திருப்பி வைத்து, விசிறியைப் போட்டார். வெள்ளைப் புகை நேரே வந்து ஒரு சின்ன வீட்டை மூடியது.

"இது யாருடைய வீடு?"

"எங்கட ஊடுதான் சேர்."

அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. விசிறியை நிறுத்திவிட்டு, அந்த வீட்டை விரலால் மெல்லத் தள்ளிவைக்கப் பார்த்தார். அது அசையவில்லை. பசை போட்டு ஒட்டியவரே அவர்தான்.