இளவேனிலுக்கு வேறு குரல்

ஐவிக்குப் பொறாமை என்ற வியாதி மட்டும் வராது என்று உறவில் பேசிக்கொள்வார்கள். கோலார் தங்கவயலில் பிறந்து, நர்ஸ் படிப்புக்காக மைசூருக்கு வந்து, இங்கேயே வேலை பார்த்து, ஃபோர்மேன் மதலைமுத்துவைக் கட்டிக்கொண்டு, இங்கேயே ஓய்வும் பெற்றவள். அடுத்தவர் நகையையோ வீட்டையோ பார்த்து ஒரு பெருமூச்சு விட்டதில்லை. அவளே தன்னை அப்படித்தான் நினைத்திருந்தாள், இளவேனிலை ராணியிடம் ஒப்படைக்கும்வரை.

இளவேனில் ஒரு மருத்துவர். சனிக் கிரகத்தைத் தாண்டிப் போகிற ஒரு விண்கலத்தில் அவளுக்கு வேலை. ஐவியின் அண்ணன் மகன் ஜோஷுவா எழுதுகிற கதை அது. வார நாட்களில் கம்பெனி பஸ் ஏறி மைசூரிலேயே இருக்கிற ஹெப்பாளுக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் அத்தை வீட்டு மாடியறையில் சுற்றிலும் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ‘சனிக்கு அப்பால்’ தொடரைப் பதிவு செய்து இணையத்தில் போடுவான். படம் கிடையாது, குரல் மட்டும். விண்கலத்தின் கேப்டன் ஆதவனுக்கு மதலைமுத்து குரல் கொடுத்தார். தொழிற்சாலை இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரல், கேப்டனுக்குப் பொருந்தியது. ஐவி இளவேனிலானாள். கேப்டனும் மருத்துவரும் ஓயாமல் சண்டை போடுவார்கள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அப்போதுதான் ஐவிக்குத் தைராய்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. கொஞ்ச காலம் தொண்டைக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தொடர் நிற்கக்கூடாதென்று, கோவில் பாடகர் குழுவில் பாடுகிற ராணி டீச்சரை ஐவியே கூட்டிவந்தாள்.

மருத்துவமனையில் டூட்டி மாறும்போது நர்ஸ் படுக்கை படுக்கையாக நின்று எல்லாவற்றையும் அடுத்தவளிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்றை மறைத்தாலும் நோயாளிக்குக் கேடு. ஐவி இளவேனிலையும் அப்படித்தான் ஒப்படைத்தாள், வராத குரலில் கிசுகிசுத்து.

“இவ கேப்டனைத் திட்டுறாளே, அது கோவமில்ல ராணி. அவருக்கு நெஞ்சுல கோளாறு, மறைக்கிறாரு. இவளுக்குத் தெரியும். அந்தப் பயத்துல திட்டுறா.”

“இது கதையில எங்க வருது ஐவிக்கா?”

“வராது. நானா மனசுல வச்சிக்கிட்டது. ஜோஷுவாவுக்கே தெரியாது.”

டூட்டியை மாற்றிக் கொடுத்தவளுக்கு அது திரும்ப வரும். கோவிலில் வாசகம் வாசிக்க முடியாதவருக்குப் பதில் வாசித்தவரும் அடுத்த ஞாயிறு தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். இதைத் தனியாகப் பேசி வைக்க வேண்டுமென்று ஐவிக்குத் தோன்றவில்லை.

ராணி பேசிய முதல் பகுதியை ஐவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “உங்களை யார் எழுந்திருக்கச் சொன்னது?” ஐவி அதை அறைகிற மாதிரி சொல்வாள். ராணி நடுவில் ஒரு கணம் தயங்கிச் சொன்னாள். அந்தத் தயக்கத்தில், ஐவி ஒப்படைத்த பயம் முழுதும் இருந்தது. அதற்குக் கேப்டன், “சரி, டாக்டர்” என்றார். வழக்கமாக அதைக் கத்துவார். இப்போது ‘சரி’க்கும் ‘டாக்டரு’க்கும் நடுவே ஒரு மூச்சு விட்டார்.

ஐவி கத்தியைக் கீழே வைத்தாள். மாடிப்படி ஏறிய மூச்சாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். திரும்பப் போட்டுக் கேட்டாள். அது படி ஏறிய மூச்சில்லை. கல்யாணமான நாள் முதல் இந்த மனுஷன் தன்னிடம் அப்படியொரு மூச்சு விட்டதில்லை.

கேட்டவர்கள் எல்லோரும், இவர்கள் எப்போது சேர்வார்கள் என்று எழுதத் தொடங்கினார்கள். ஜோஷுவாவும் அதற்கேற்ப எழுதினான். சண்டை குறைந்தது. கேப்டனும் மருத்துவரும் ஜன்னலோரம் நின்று நட்சத்திரம் பார்த்தார்கள். மதலைமுத்து சவரம் செய்யும்போது வசனம் சொல்லிப் பார்த்தார், சனிக்கிழமையானால் வெந்நீரில் தேன் விட்டுக் குடித்தார்.

“எனக்குத் தொண்டையை அறுத்தப்ப இப்படி ஒரு சுடுதண்ணி வச்சுக் குடுத்தீங்களா?”

“ஃபிளாஸ்க்ல கொண்டாந்தேனே!”

“அது காபி.”

ராணியோடு அவர் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. அது ஐவிக்குத் தெரியும். அவளை அரித்தது வேறு. அந்தப் பயம் அவளுடையது, இளவேனில் அவளுடையவள், புருஷனும் அவளுடையவர். மூன்றையும் அவளே கையில் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

குரல் திரும்பியது, கொஞ்சம் கரகரப்பாக. அந்த ஞாயிறே மாடியேறி மைக் முன்னால் உட்கார்ந்தாள். ராணி எழுந்து இடம் விட்டாள். ஒரு காட்சியைப் பேசிப் பார்த்தார்கள். ஜோஷுவா ஹெட்ஃபோனைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

“அத்தே, கோச்சுக்காதீங்க. நீங்க பேசுனா புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்காங்க. ராணி டீச்சர் பேசுனா...”

“சொல்லுடா.”

“லவ் பண்றவங்க மாதிரி இருக்காங்க. கதை இப்ப அப்படிப் போயிடுச்சு.”

“நான் டூட்டி மாத்தி விட்டேன். வேலையை விடல.” ஐவி புருஷன் பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன சொல்றீங்க?”

“நானென்ன சொல்றது? எழுதிக் குடுக்கிறதைப் படிக்கிறேன்.”

“அந்த மூச்சையும் எழுதிக் குடுத்தானா?”

மதலைமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராணி கம்பளியில் பூப்போட்டிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுது வாங்குகிற வழக்கம் ஐவியிடம் இல்லை. “சரி, வேற யாருடா இருக்கா உன் கதையில? இந்தக் கரகரக் குரலுக்கு?”

“எதிரிக் கப்பல் அரசி ஒருத்தி வர்றா அத்தே. மருத்துவரைப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்கா. கேப்டன் வந்து கெஞ்சுவாரு, மனசு இளகி விட்டுடுவா. ஒரே காட்சிதான்.”

“குடு.”

இருப்பது ஒரே மைக். கேப்டனும் அரசியும் முகத்துக்கு முகம் உட்கார்ந்தார்கள். மதலைமுத்து காகிதத்தைப் பார்த்துத் தொடங்கினார். “அவளை விட்டுவிடு. அவள் இல்லாமல் இந்தக் கலம் எனக்கு வெறும் இரும்பு.” குரல் தணிந்து, குழைந்து, நேராக ஐவியின் முகத்தில் வந்து விழுந்தது. இத்தனை காலம் கேட்கக் கிடைக்காதது. கிடைத்தபோது, இன்னொருத்திக்காகக் கிடைத்தது.

அரசியின் பதிலாக ‘அழைத்துப் போ’ என்று காகிதத்தில் இருந்தது.

“முடியாது,” என்றாள் ஐவி.

“அத்தே, விட்டுடணும்.”

“என் கப்பல்டா. எனக்கு எப்பத் தோணுதோ அப்ப விடுவேன்.”

“அப்ப ராணி டீச்சர்?”

“நான் அடைஞ்சே கிடக்கிறேன்ப்பா,” என்றாள் ராணி. “எனக்குப் பேப்பர் திருத்தற வேலை இருக்கு.”

“இன்னொரு தரம் கேளுங்க,” என்று ஐவி புருஷனிடம் சொன்னாள்.

மதலைமுத்து காகிதத்தைப் புரட்டினார். அவருக்கு அதற்குமேல் வசனம் இல்லை. “பாவம், விட்டுடும்மா.”

“இது ஃபோர்மேன் பேச்சு. கேப்டன் மாதிரி கேளுங்க.”

அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொந்தமாகக் கெஞ்சத் தொடங்கினார். முதலில் தடுமாறினார், பிறகு நன்றாகவே வந்தது. ஜோஷுவா எழுதியதைவிட நன்றாக வந்தது. ஐவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல், அவர் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு மைக் பக்கம் குனிந்தாள்.

“போதாது,” என்றாள். “மறுபடி கேள்.”