இலவச சர்வீஸ்

கடன் வாங்கிவிட்டுக் கம்பி நீட்டியவர்களைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு 'மோப்பம்' என்று பெயர். எத்தனையோ பேரைப் பிடித்தவளுக்குச் சொந்தச் சித்தப்பா மட்டும் இருபது வருடமாகச் சிக்கவில்லை. அவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட பாவத்துக்குத்தான் அவள் அப்பா வீட்டை இழந்து வாடகை அறையில் செத்தார்.

ஒருநாள் வந்த புதுக் கோப்பில் அந்த மனுஷனின் பெயர் இருந்தது. சொத்து எதுவும் இல்லையாம். விலாசம் பொய், போன் நம்பர் மட்டும் நிஜம். பேச்சைப் பதிவில் போட்டு, குரலில் தேன் தடவிக்கொண்டு அழைத்தாள்.

"சார், உங்க ஏசிக்கு ஃப்ரீ சர்வீஸ் இருக்கு. எந்த அட்ரஸுக்கு ஆள் அனுப்பட்டும்?"

ஓசி என்றால் வாயைப் பிளக்கும் ஆள் அவர். விலாசத்தைச் சொல்லிவிட்டு, "புது வீட்லயும் நாலு ஏசி இருக்கும்மா. பில்லுல மச்சான் பேரு இருக்கும், கண்டுக்காதீங்க. எல்லாம் என் காசு, என் வீடுதான்," என்றார்.

அந்தப் பதிவைக் காட்டி வாங்கிய உத்தரவோடு ஜப்தி செய்யக் கோர்ட் ஆட்கள் போன அன்று அவளும் போனாள். சித்தப்பாவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"அம்மாடி, நீயா? அண்ணன் எப்படி இருக்காரு?"

அவள் ஜப்திப் பட்டியலை நீட்டினாள். "அன்னிக்கு அவர் போட்டாரே சித்தப்பா, இன்னிக்கு நீங்க போடுங்க கையெழுத்து."