நாலு சங்கமும் ரெண்டு கண்ணும்

தலவாக்கலையிலிருந்து டயகம வரை போகிற பாதையில், எனக்குத் தெரிந்து, பிறருக்கு உதவுவதற்கென்றே நான்கு அமைப்புகள் இருக்கின்றன. கோயில் இளைஞர் மன்றம் ஒன்று. மாதா கோயில் பெண்கள் குழு ஒன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம் ஒன்று. நான்காவது எங்கள் வாசகர் வட்டம். உறுப்பினர் பதினொரு பேர். அதில் வாசிக்கிறவர்கள் ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்றுதான் நாங்கள் சமூக சேவையில் இறங்கினோம்.

நான் வட்டத்தின் செயலாளர். பிழைப்புக்குப் போட்டோ கொப்பிக் கடை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் விளங்கிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் இயந்திரம் இருக்கிறவன், எந்தத் துன்பத்தைக் கண்டாலும் முதலில் அதற்கொரு படிவம் அடிப்பான்.

நான்கு அமைப்புகளும் ஒன்றையொன்று மதித்தன. பேசிக்கொள்ளத்தான் இல்லை. அதனால் எல்லோரும் ஒரே வேலையைச் செய்தோம்: கண் பரிசோதனை முகாம். அது வசதியான சேவை. காலையில் தொடங்கி மாலையில் முடிந்துவிடும். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் படத்தில் நன்றாக விழும். ஒரு வருடத்துக்குள் அந்தப் பாதையில் நான்கு முகாம்கள் நடந்தன. டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில், கொழுந்து பறிக்கிற ஓர் அக்காவுக்கு நான்கு மூக்குக் கண்ணாடிகள் சேர்ந்தன.

ஐம்பதைத் தாண்டியவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் கொழும்பில் வேலை. நான்காவது முகாம் எங்களுடையது. அங்கே நாங்கள் கொடுத்ததையும் போட்டுப் பார்த்துவிட்டு, பழைய மூன்றையும் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒண்ணுலயும் தெரியலங்க சேர். ரெண்டை ஒண்ணுமேல ஒண்ணு மாட்டிப் பாத்தேன். அப்பவும் தெரியல."

டொக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் வெண்புரை, இடது கண் முற்றிவிட்டது, கண்ணாடியால் ஒரு பயனுமில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். இது அவருக்கு முன்பே பாதி தெரிந்த விஷயம்தான். மலையில் தளிர் எது, முற்றிய இலை எது என்று கண்ணுக்குப் பிடிபடாமல், விரலால் தடவித்தான் பறித்துக்கொண்டிருந்தார். தடவிப் பறித்தால் கூடை நிறையாது. நிறுவையில் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். ஆறு மாதமாக அவருக்குப் பெரும்பாலும் அரைப்பேர்தான். இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் போகும் என்று அவருக்குத் தெரியும். வேலைக்குப் போகாதவருக்குத் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பரா எத்தனை நாளைக்கு நிலைக்கும் என்பதும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இடது கண்ணுக்குத் தேதி கிடைத்தது. ஒரு நிபந்தனை: கூட ஒருவர் வர வேண்டும்.

இதே சமயத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. ஒருவருக்கு நான்கு கண்ணாடி போனதைக் கண்டு வெட்கப்பட்டு, நான்கு அமைப்புகளையும் என் கடைக்கு அழைத்துக் கூட்டம் போட்டேன். ஆசிரியர் சங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் வந்தார். பெண்கள் குழுவிலிருந்து, முப்பது வருடம் முன்பள்ளி நடத்திய மிஸ். கோயில் மன்றத் தலைவர் ஆட்டோ ஓட்டுகிற தம்பி. நான் ஏழு நிரல்களுள்ள பொதுப் பட்டியலொன்றை விநியோகித்தேன். ஐந்தாம் விதி: ஒரே பயனாளிக்கு இரு அமைப்புகள் உதவலாகாது. அதை எழுதிவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதிபர் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி ஏற்றுக்கொண்டார். ஆட்டோத் தம்பி, "அண்ணே, இதுல நான் எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். மிஸ் பட்டியலைத் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்து, "பாப்போம்" என்றார்.

அந்த அக்காவின் வரிசையில் நான்கு அமைப்புகளும் முன்பே உதவியதாகச் சரி போடப்பட்டிருந்தது. 'பொறுப்பு' என்ற நிரலில் யார் பெயரை எழுதினாலும் மற்ற மூவரும் மனம் வருந்துவார்கள் என்று தோன்றியது. நான் அதிகம் வாசித்தவன். எல்லோரையும் திருப்திப்படுத்தும் சொல் எனக்குத் தெரியும். 'கூட்டாக' என்று எழுதினேன்.

தேதி வந்தது. அன்று பிற்பகல் மிஸ்ஸுக்குப் போன் எடுத்து, "ஒப்பரேசன் எப்படிங்க முடிஞ்சது?" என்றேன்.

"எங்கிட்டயா கேக்குறீங்க? நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?"

"இல்லையே. அதிபர் போயிருப்பாரு."

அதிபரிடம் கேட்டால், இந்த மாதிரி விஷயங்களை ஆட்டோ வைத்திருப்பவர்தான் பார்ப்பார் என்றார். ஆட்டோத் தம்பி, "பட்டியல்ல நாலு பேருக்கும் சரி போட்டிருந்துச்சு. நாம எதுக்கு நடுவுல போயி நிக்கணும்னு விட்டுட்டேன்ணே" என்றார். ஐந்தாம் விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் நான்கு பேரும் அவருடைய ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு மேல் டிவிசனுக்குப் போனோம். அதிபர் மடியில் என் குடை. என் மடியில் அதிபரின் ஒரு பகுதி. 

அக்கா தண்ணீர்க் குழாயடியிலிருந்து சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தார். முந்தின நாள் விடியற்காலையே, எங்களில் யாராவது வருவோம் என்று நம்பி, நல்ல சேலை கட்டி, பையில் போர்வையும் பிளாஸ்கும் வைத்துக்கொண்டு, கடைச் சந்தியில் போய் நின்றிருக்கிறார். மூன்று பஸ் போயிருக்கிறது. ஒவ்வொரு பஸ்ஸிலும் யாரோ இறங்கி வருகிற சத்தத்துக்கு முகத்தைத் திருப்பியிருக்கிறார். எட்டரை மணிக்குத் திரும்பி நடந்து, சேலை மாற்றிக்கொண்டு மலைக்குப் போனால், நேரமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் மன்னிப்புக் கேட்க ஒரு நீண்ட வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"இருக்கட்டுங்க சேர். சங்கம் நாலு, எனக்குக் கண்ணு ரெண்டுதான். பிரிச்சுக்கறதுல கொழம்பிருச்சு போல."

அவர் சிரித்தார். 

நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். எட்டாவது நிரல் ஒன்று போட்டால் இனி இப்படி நடக்காது என்று ஆரம்பித்தேன். மிஸ் என் கையிலிருந்து பேனாவை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவருடைய தாயும் கொழுந்து பறித்தவர்; மிஸ் பிறந்ததும் இப்படியொரு லயத்தில்தான்.

"இந்தத் தோட்டத்துல வெடியக்காலம் பெரட்டுல, ஆள் எடுக்கையில, எத்தன பேரு நிக்கிறாங்க? அவ்வளவு பேரையும் எந்த மலைக்கு யாருன்னு கால் மணி நேரத்துல பிரிச்சு அனுப்புறாங்க. யாராச்சும் உக்காந்து பாத்திருக்கீங்களா? எல்லாம் நின்னுக்கிட்டேதான். அவங்கவங்க வாயைத் தொறந்து வந்துட்டேன்னு சொல்லணும். எங்க சங்கம் வந்திருக்குன்னு சொன்னா கங்காணி வேலை குடுப்பாரா?"

"சங்கத்துக்கென்று ஒரு அடையாளம் வேண்டாமா மிஸ்?" என்றார் அதிபர்.

"அடையாளமெல்லாம் ஆட்டோவுக்குப் பின்னால ஒட்டியிருக்கு சேர்," என்றார் தம்பி. "இப்ப ஆளத்தானே கேக்குறாங்க."

அந்த லயத்து வாசலில், நின்றபடியே, எங்கள் முதல் பெரட்டு நடந்தது. விதி ஒன்றுதான். 'நாங்கள்' என்று யாரும் சொல்லக் கூடாது. போகிறவர், யாருக்காகப் போகிறாரோ அவர் முன்னால் நின்று, 'நான் வருகிறேன்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். எளிதாகத் தெரியும். சொல்லிப் பாருங்கள். இருபது வருடமாகத் தீர்மானங்கள் எழுதிவந்த எனக்கு அந்த இரண்டு சொற்கள் பழக்கமில்லை. 'வட்டத்தின் சார்பில்' என்று தொடங்கி, மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டு, "அக்கா, செவ்வாய்க்கிழமை நான் வாறேன்" என்றேன்.

"நீங்கதானே? வேற யாருமில்லையே?"

"நான்தாங்க்கா."

ஏன் செவ்வாய் என்றால், தவறவிட்ட தேதிக்குப் பதிலாக மறு தேதி பல மாதம் தள்ளித்தான் கிடைக்கும். ஆனால் கண் வெட்டுகிற நாளான செவ்வாய்க்கிழமைகளில், பட்டியலில் உள்ள யாராவது வராமல் போனால், வெளியே காத்திருப்பவரை எடுப்பார்கள். காத்திருக்க ஆள் வேண்டும். எத்தனை செவ்வாய் என்று ஒருவரும் சொல்ல முடியாது. அக்காவுக்கு ஒவ்வொரு செவ்வாயும் ஒரு நாள் சம்பளம் போகும். கிடைக்கும் வரை போவது என்று அந்த வாசலிலேயே முடிவானது.

முதல் செவ்வாய். ஆட்டோத் தம்பி அக்காவை டயகமயில் பஸ் ஏற்றிவிட்டார். நான் தலவாக்கலையில் சேர்ந்துகொண்டேன். என் சிங்களம் அரசாங்கக் கச்சேரிப் படிவங்களில் கற்றது. தாதி, "மாத்தயா, நீங்கள் இவருக்கு என்ன உறவு?" என்று கேட்டதற்கு, ஒருங்கிணைப்புக் குழுவின் செயலாளர் என்று மிகச் சுத்தமான சிங்களத்தில் சொன்னேன். தாதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா என் பக்கம் சாய்ந்து, "தம்பின்னு சொல்லிருங்க," என்றார். "பெரிய விசயமெல்லாம் அவங்களுக்குப் புரியாது."

தம்பி என்று பதியப்பட்டேன். இரண்டு மணி வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். அன்று எல்லா நோயாளிகளும் கடமை தவறாமல் வந்திருந்தார்கள். யாராவது ஒருவர் வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பது நல்ல மனிதன் செய்கிற காரியமல்ல. இருவரும் அதைத்தான் செய்தோம்.

இரண்டாவது செவ்வாய் மிஸ், தங்கச்சியாகப் போனார். கிடைக்கவில்லை. மூன்றாவது அதிபர், வயதை விட்டுக்கொடுக்காமல் அண்ணன் என்று பதிந்துகொண்டார். அன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா, போதும், இனி வரவில்லை, மூன்று நாள் சம்பளம் போய்விட்டது, மிச்சக் கண்ணை வைத்துச் சமாளிக்கிறேன் என்றிருக்கிறார். ஞாயிறுதோறும் என் கடையில் நடந்த பெரட்டுக்கு அந்த வாரம் அவரையும் ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார்கள். என் கடை வாசலில் நின்று அதையே மறுபடி சொன்னார்.

அதிபர் கூட்டங்களில் பேசுகிற தமிழ் வேறு. அன்றைக்குத்தான் அவருடைய மற்றத் தமிழைக் கேட்டேன்.

"இந்தா பாருங்க. எட்டாம் வாய்ப்பாடு வராத பிள்ளைங்களோட முப்பத்தஞ்சு வருசம் மல்லுக்கட்டினவன் நான். ஒரு செவ்வாய்க்கெழமைக்குப் பயந்துருவேனா? நீங்க வரலன்னா நான் தனியாப் போயி அந்த வாங்குல உக்காந்திருப்பேன். அவங்க என் கண்ணை வெட்டினாலும் பரவால்ல."

"ஒங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"அதான் சொல்றேன். அநியாயமாப் போயிரும். வந்துருங்க."

அக்கா ஆட்டோத் தம்பி நின்ற பக்கம் திரும்பி, "நாளை மறுநாள் யாரு?" என்றார்.

"நான் வாறேங்க்கா," என்றார் தம்பி.

நான்காவது செவ்வாய், காலை பத்தரைக்கு எனக்குப் போன் வந்தது. "அண்ணே, உள்ள எடுத்துட்டாங்க." யாரோ ஒருவர் வரவில்லையாம். வெளியே மூன்று பேர் காத்திருந்திருக்கிறார்கள். தாதி எங்கள் அக்காவைக் காட்டி, இந்த அம்மா வீட்டில் நாலு வாரமாக ஆள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறார்கள், இவர்தான் ஆக முந்தி வந்தவர் என்றாராம். பிறகு தம்பியிடம், இன்னும் எத்தனை சகோதரர்கள் மிச்சம் என்று கேட்டாராம்.

கட்டு அவிழ்க்கிற அன்று நான் போயிருந்தேன். இடது கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் திறந்து, முதலில் என்னைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சேருங்களா? கொரல வச்சு சின்ன வயசுன்னு நெனச்சிட்டேன்."

பிறகு ஜன்னலுக்குத் திரும்பினார். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு தேயிலை மலை. நான் எத்தனையோ முறை பார்த்தது. எனக்கு அது பச்சையாக இருக்கும், அவ்வளவுதான். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்னா இப்பிடி விட்டுருக்காங்க," என்றார். "கொழுந்து முத்திப் போச்சே. பறிச்சுப் பத்து நாளுக்கு மேல இருக்கும்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். குரலின் இளமையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஒரு மாதம். அதற்கும் பெரட்டில் ஆள் பிரித்தோம். இரண்டு வேளையை அதே லயத்துப் பக்கத்துக் காம்பராப் பெண் வாயால் சொல்லி எடுத்துக்கொண்டார். அவர் எந்தச் சங்கத்திலும் இல்லை.

எல்லாம் சீராகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆசிரியர் சங்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்கள், அந்தச் சத்திர சிகிச்சை யாருடையது, உங்களுடையதா மற்றவர்களுடையதா என்று கேட்டு எழுதினார்கள். கோயில் மன்றத்தில் இரண்டு பேர், மாதா கோயில்காரர்களோடு என்ன கூட்டு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்; ஒருவர் இன்னும் திருப்பியபடியே இருக்கிறார். எங்கள் வட்டத்து ஆண்டறிக்கையில் நானே 'ஒரு கண் சத்திர சிகிச்சை' என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு யோசித்தால், மற்ற மூவரும் இதையே எழுதுவார்கள். ஓர் அக்காவின் ஒற்றைக் கண்ணை நான்கு தடவை வெட்டியதாக ஆகிவிடும். அடித்துவிட்டு, 'ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு கட்டு அவிழ்ப்பு' என்று எழுதினேன். பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, வருடம் முழுக்க இவ்வளவுதானா என்றார். இவ்வளவுதான் என்றேன்.

அக்கா மலைக்குத் திரும்பிவிட்டார். பெரும்பாலான நாட்களில் முழுப்பேர் விழுகிறது. ஆனால் வலது கண்ணும் இப்போது முற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பக்கம் மட்டும் தெரிவதால் சரிவில் கால் வைக்கும்போது தடுமாறுகிறார். அதற்குத் தேதி இன்னும் தரவில்லை; மறுபடியும் செவ்வாய்க்கிழமைகளில் போய்க் காத்திருப்பதுதான் வழி. போன ஞாயிறு மழையில் கடைத் தாழ்வாரத்தின்கீழ் பெரட்டு நடந்தது. மலையிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கிய அக்கா, குடையை மடக்காமலே எங்கள் நால்வரையும் ஒருமுறை பார்த்து, "யாரு?" என்றார்.

அதிபர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.